நாற்பத்தொன்று முதல் ஐம்பத்தேழு வரை

ரெய்னர்ஸ் லேன்
லண்டன், 14 ஜனவரி 2025

றெஜினோல்ட் அவர்களுக்கு,

சுகமாயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு வருடமாக எங்களுக்கிடையே போய்வந்ததெல்லாம் மகளின் வாயால் வந்த செய்திதான். நீங்கள் சோறு வடிக்கப் பழகிவிட்டீர்கள் என்றும், வால்தம்ஸ்டோ வீட்டின் பின்பக்கம் போட்ட கத்தரி குளிரில் கருகியது என்றும் றூபினி சொன்னாள். அவற்றைப் பற்றிப் பேச இதை எழுதவில்லை.

நவம்பரில் என் அலுவலகத்துக்கு ஒரு நாட்டின் காடுகள் பற்றிய அறிக்கை மீளாய்வுக்கு வந்தது. நாட்டின் பெயரை எழுதமாட்டேன். மீளாய்வு முடியும்வரை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்து வைத்திருக்கிறேன். உங்களுக்குப் பெயர் தேவையும் இல்லை. இரண்டாம் பக்கத்தில், ஆலோசகர் என்ற இடத்தில், உங்கள் பெயர் இருக்கிறது.

2050இல் காபன் கணக்கில் நிகர பூச்சியத்தை அடைந்துவிடுவோம் என்கிறது அந்த நாடு. புகையைக் குறைத்து அல்ல. சீமெந்து ஆலைகளும் நிலக்கரி மின்னிலையமும் விடுகிற காபனில் பெரும்பங்கை மலைக்காடு உறிஞ்சிக்கொள்கிறது, ஆகவே அதைக் கழித்துவிடலாம் என்கிறார்கள். காடு எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதற்கு ஆதாரமும் காட்டியிருக்கிறார்கள். 2001இல் அளந்த மரங்களை 2021இல் திரும்ப அளந்திருக்கிறார்கள். மலை முகட்டில் அளப்பதற்கென்று குறித்த சதுரங்களில் மரங்கள் இருபது வருடத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காகப் பருத்திருக்கின்றன. அந்த வேகத்தை முழு மலைக்காட்டுக்கும் போட்டிருக்கிறார்கள்.

முகட்டுச் சதுரங்களின் இலக்கம் நாற்பத்தொன்று முதல் ஐம்பத்தேழு வரை. 2001ஆம் ஆண்டுப் படிவங்களின் பிரதிகள் பின்னிணைப்பில் இருக்கின்றன. அவற்றில் இருப்பது என் எழுத்து.

அந்தப் பதினேழு சதுரங்களுக்கும் நாங்கள் போகவில்லை என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

2021இல் அளக்கப் போனவர்கள் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்கள்: "மரங்களில் பழைய இலக்கத் தகடுகள் காணப்படவில்லை. துருப்பிடித்து விழுந்திருக்கலாம்." அலுமினியம் துருப்பிடித்து விழாது. தகடுகள் பற்றி டிசம்பரில் வழக்கமான ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறேன். அது உங்கள் மேசைக்குத்தான் வரும்.

உங்கள் பெயரைக் கண்ட அன்றே, "இவர் என் கணவர், பிரிந்து வாழ்கிறோம்" என்று அலுவலகத்துக்குச் சொல்லி விலகியிருக்கவேண்டும். அதுதான் விதி. நான் அப்பாவின் பெயரையே வைத்திருப்பதால் யாருக்கும் தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை. விலகினால் கோப்பு வேறொருவரிடம் போகும். அவருக்கு அந்தப் படிவங்கள் வெறும் படிவங்கள்.

அவர்களிடம் உண்மையைச் சொன்னீர்களா? இல்லையென்றால் எப்போது சொல்லப்போகிறீர்கள்?

மெற்றில்டா


வால்தம்ஸ்டோ
19 ஜனவரி 2025

அன்பின் மெற்றி,

கடித உறையில் உம்முடைய எழுத்தைக் கண்டதும் முதலில் எனக்குச் சந்தோஷம்தான். பிறகுதான் உடைத்து வாசித்தேன். "அவர்களுக்கு" என்று தொடங்கியிருக்கிறீர். கவுன்சிலுக்குக் குப்பைத்தொட்டி கேட்டு எழுதுவதுபோல.

தாளில் எழுதியது நல்லது. இந்த விஷயத்தை மின்னஞ்சலில் எழுதவேண்டாம். வாட்ஸ்அப்பிலும் வேண்டாம்.

கேட்டதற்குப் பதில்: சொல்லவில்லை. நான் அங்கே சேர்ந்தது 2022இல். அதற்கு முன்னமே யாரோ அந்தப் பழைய படிவங்களைப் பெட்டியிலிருந்து தோண்டி எடுத்து, காட்டையும் திரும்ப அளந்து முடித்துவிட்டார்கள். முதல் கூட்டத்திலேயே திரையில் முகடு வந்தது. அமைச்சின் செயலாளர் எழும்பி, "எங்கள் அதிர்ஷ்டம், அன்றைக்கு இந்தக் காட்டை அளந்தவரே எங்களோடு இருக்கிறார்" என்று என்னைக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த நேரம் எழும்பி நான் என்னத்தைச் சொல்லுறது, நீரே சொல்லும்.

பதினேழு சதுரம், மெற்றி. பூமிப்பந்தில் பதினேழு சதுரம். இந்த ஐரோப்பாக்காரர் தங்கள் காடு தன்பாட்டில் வளர்ந்ததை எத்தனை வருடமாகக் கழித்து எழுதுகிறார்கள்? கைவிட்ட பண்ணையில் பற்றை மண்டினாலும் அது அவர்களுடைய சாதனை. ஒரு ஏழை நாடு அதையே செய்தால் லண்டனிலிருந்து பூதக்கண்ணாடி வருகிறது. இன்னொன்றையும் யோசியும். காட்டுக்கு இப்படி ஒரு மதிப்பு வந்தபடியால்தான் அதை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். எங்கள் பொய்யால் ஒரு மரமாவது தப்பியிருக்கிறது.

அறிக்கை மார்ச் முதல் கிழமையில் ஏற்றுக்கொள்ளப்பட்டால் எனக்கு இன்னும் ஐந்து வருட வேலை. இல்லாவிட்டால், ஐம்பத்திரண்டு வயதில், "பொய்யாக அளந்தவன்" என்ற பெயரோடு நான் எங்கே போவது? அந்தப் பெயர் வந்தால் இந்தத் துறையில் ஒருவரும் கதவு திறக்கமாட்டார்கள். கொஞ்சம் பொறும்.

உம்முடைய
றெஜி


ரெய்னர்ஸ் லேன்
24 ஜனவரி 2025

றெஜினோல்ட்,

பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. என் எழுத்தை வெறுங்கண்ணால் எனக்கு அடையாளம் தெரியும்.

ஐரோப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. நான் இதே மேசையிலிருந்து அதையும் பார்க்கிறேன், ஆட்சேபித்தும் எழுதியிருக்கிறேன். நன்றி சொல்லிப் பதில் போடுவார்கள். காடும் கடலும் தன்பாட்டில் உறிஞ்சிக்கொள்ளும் என்று வைத்துக்கொண்டுதான், உலகம் இன்னும் எவ்வளவு எரிக்கலாம் என்று விஞ்ஞானிகள் கணித்தார்கள். அதே உறிஞ்சலை ஒவ்வொரு நாடும் தன் முயற்சி என்று திரும்பவும் கழித்தால், எல்லோருடைய தாளிலும் பூச்சியம் வரும். வெப்பம் ஏறிக்கொண்டே இருக்கும். உங்கள் ஆட்கள் மலையடியில் ஒரு காவல் குடில் கட்டி, அதில் ஒரு ஆளை இருத்தி, முழு மலையையும் "பராமரிக்கப்படும் காடு" என்று எழுதியிருக்கிறார்கள். அதற்கு விதியில் இடம் இருக்கிறது. அதை என்னால் தடுக்க ஏலாது.

ஆனால் உங்கள் காடு அந்த வேலையைக்கூடச் செய்யவில்லை. அது கிழட்டுக் காடு. 2001இலும் அந்த மரங்கள் கிட்டத்தட்ட இதே பருமனில்தான் நின்றிருக்கும். அவை வளரவில்லை. நாங்கள்தான் அன்றைக்கு அவற்றைச் சிறிதாக எழுதினோம். அந்த வித்தியாசத்தைக் காட்டித்தான் ஒரு நிலக்கரி மின்னிலையம் இன்னும் இருபத்தைந்து வருடம் புகைக்கப்போகிறது.

மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். ஓகஸ்ட் மாதம். மண் சரிந்து முகட்டுப் பாதை அடைபட்டது. வழிகாட்டி தன் வீட்டுக்குப் போய்விட்டார். பதினொரு நாள் மழை விடவில்லை. அந்த விருந்தினர் இல்லத்தில் எங்களிருவரையும் ஒரு சமையல்காரரையும் தவிர ஆளில்லை. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, போர்வையைச் சுற்றிக்கொண்டு என் கட்டிலில் வந்து இருந்து, "என்னைக் கட்டுவீரோ?" என்று கேட்டீர்கள். கடைசி நாள்தான் படிவங்களின் நினைவு வந்தது. கீழ்ச் சதுரங்களைப் பார்த்து எழுதலாம் என்று நான் சொன்னேன். "முகட்டில காத்துக் கூட. மரம் மெலிஞ்சிருக்கும். மூண்டில ஒண்டைக் குறையும்" என்று நீங்கள் படுத்தபடி சொன்னீர்கள். நான் எழுதினேன். மிச்சத் தகடுகளை அள்ளிக் கிணற்றில் போட்டோம். எனக்கு இருபத்துநாலு வயது. அந்த நாட்களில் சிரித்ததுபோல அதற்குமுன் சிரித்ததில்லை, பிறகும் இல்லை. அதனால்தான், அது பிழை என்று நினைக்கவே எனக்குப் பல வருடம் எடுத்தது.

எங்களை அளக்க அனுப்பிய பேராசிரியருக்குச் சந்தேகம் வராமலிருக்க ஒரு கதை தேவைப்பட்டது. முகட்டில், நாற்பத்துமூன்றாம் சதுரத்தில், ஒரு பெரிய மரத்தடியில் என்னைக் கேட்டதாகச் சொல்லத் தொடங்கினீர்கள். கலியாணத்தன்று மண்டபத்தில் மைக்கைப் பிடித்து, "மூண்டு பேர் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க ஏலாத மரம்" என்றீர்கள். நான் எழுதிய படிவத்தில் அந்தச் சதுரத்தின் ஆகப்பெரிய மரத்துக்கு விட்டம் முப்பத்தொரு சென்ரிமீற்றர். 2021இல் போனவர்கள் அங்கே ஒன்றரை மீற்றர் மரம் ஒன்றை அளந்திருக்கிறார்கள். நாங்கள் சொன்ன இரண்டு பொய்களில், கலியாண மண்டபத்தில் சொன்னதுதான் உண்மைக்குக் கிட்ட நிற்கிறது.

மூன்று கிழமை தருகிறேன். நீங்களாகச் சொன்னால் அது இளவயதில் இரண்டு பேர் விட்ட பிழை. நான் சொன்னால் அது முறைப்பாடு.

மெற்றில்டா


வால்தம்ஸ்டோ
2 பெப்ரவரி 2025

அன்பின் மெற்றி,

உம்முடைய கடிதத்தை நாலு தரம் வாசித்துவிட்டேன். கணக்குப் பகுதியை ஒரு தரம், மற்றப் பகுதியை மூன்று தரம். ஆறாம் நாள்தான். ஐந்தாம் நாள் கேட்க நினைத்து, பயத்தில் விட்டுவிட்டேன். அதை உமக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை.

நீர் சொல்வதுதான் நியாயம். எப்படிச் சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. தாளில் அடங்காது. வருகிற ஞாயிறு, பூசை முடிந்து, அங்கே வரட்டுமா? சமைத்து வைக்கவேண்டாம். நான் மீன் வாங்கிக்கொண்டு வாறன்.

உம்முடைய
றெஜி


ரெய்னர்ஸ் லேன்
10 பெப்ரவரி 2025

அன்புள்ள றெஜி,

எதையும் எழுதிவைத்தால்தான் நம்புவேன் என்று என்னைப் பழித்திருக்கிறீர்கள். உண்மைதான். ஆகவே நேற்று நடந்ததை எழுதுகிறேன். பிழையிருந்தால் திருத்துங்கள்.

பன்னிரண்டரைக்கு வந்தீர்கள். வாசலில் மீன்பையோடு நின்று, "உள்ளுக்கு வரலாமோ, இல்லாட்டி இதுக்கும் படிவம் நிரப்பவேணுமோ?" என்று கேட்டீர்கள்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ" என்றேன்.

நீங்கள் மீன் வெட்டினீர்கள். நன்றாக வெட்டினீர்கள். நான் கறி வைத்தேன்.

"நீர் இன்னும் புளியைக் கூட விடுறீர்."

"ஆர் உங்களைச் சாப்பிடச் சொன்னது?"

"சாப்பிடுறன் எண்டுதானே சொல்லுறன்."

இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டீர்கள். பிறகு கை கழுவாமலே இருந்து சொன்னீர்கள்: "புதன்கிழமை இஞ்ச தூதரகத்தில கூட்டம், செயலாளரும் வாறார். சொல்லிப்போடுறன், மெற்றி. வேலை போனாப் போகட்டும்."

"எழுதித் தருவீங்களோ?"

"என்ட வாயில உமக்கு நம்பிக்கை இல்லையோ?"

"இல்லை."

நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். இந்த வீட்டில் நான் நீங்கள் இல்லாமல் இருக்கிற ஏழு வருடத்தில், குசினியில் இரண்டு பேர் சிரித்த சத்தம் அதுதான் முதல்.

புதன்கிழமை சொல்லும்போது என் பெயரையும் சொல்லுங்கள். படிவத்தில் இருப்பது என் எழுத்து. கீழ்ச் சதுரங்களைப் பார்த்து எழுதலாம் என்று முதலில் சொன்னதும் நான்தான். நீங்கள் சொன்ன மறுநாளே நான் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கிறேன். தனியாகச் சுமக்கவேண்டாம்.

நான் ஒருவரையும் இலகுவில் நம்புகிறவள் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். நேற்று நம்பினேன். இன்று காலையில் எழும்பியும் நம்புகிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வருகிற ஞாயிறும் வாருங்கள். புளியைக் குறைத்து வைக்கிறேன்.

உங்கள்
மெற்றி


வால்தம்ஸ்டோ
15 பெப்ரவரி 2025

அன்பின் மெற்றி,

என்னைத் திட்டுவதற்குமுன் கடைசிவரை வாசியும்.

சொல்லத்தான் போனேன். சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். நான் வாய் திறக்கமுதல் செயலாளர் உம்முடைய அலுவலகத்தின் கேள்வியை எடுத்து மேசையில் வைத்தார். பழைய தகடுகள் ஏன் இல்லை என்ற கேள்வி. "நீங்கள்தானே அளந்தவர், நீங்களே சொல்லுங்கள்" என்றார். பன்னிரண்டு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தகடு போதாமல் போய்விட்டது, பெயின்ற் அடித்தோம்" என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியாது. அதன்பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டி வந்தது.

கடைசியில் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தது இதுதான். மழை ஓய்ந்த நேரங்களில் நான் வழிகாட்டியோடு சுற்றுப்பாதையால் முகட்டுக்கு ஏறினேன். அங்கேயே கூடாரம் போட்டுத் தங்கி, பதினொரு நாளில் பதினேழு சதுரத்தையும் அளந்தேன். நீர் காய்ச்சலோடு விருந்தினர் இல்லத்தில் இருந்தீர். நான் இறங்கிவந்து குறிப்பேட்டைப் பார்த்து வாசிக்க, நீர் படிவத்தில் எழுதினீர். வழிகாட்டி இப்போது உயிரோடு இல்லை.

உம்மில் ஒரு சொல்லும் வராதபடிதான் எழுதினேன், மெற்றி. நீர் எழுதினது நான் வாசித்ததை. அவ்வளவுதான். உம்முடைய கை சுத்தம். இதைவிட நான் உமக்கு என்ன செய்ய ஏலும்?

ஒன்றைத்தான் தவிர்க்க முடியவில்லை. படிவத்தில் இருப்பது யார் எழுத்து என்று கேட்டார்கள். என் மனைவி என்றேன். இப்போது எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டார்கள். அதற்கும் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தபால் பிந்தும், இதை நானே கொண்டுவந்து உம்முடைய கதவடியில் போடுகிறேன். நாளைக்கு ஞாயிறு. வரட்டுமா?

றெஜி


ரெய்னர்ஸ் லேன்
21 மார்ச் 2025

றெஜினோல்ட் அவர்களுக்கு,

அந்த ஞாயிறு நீங்கள் இரண்டு தரம் மணியடித்தது எனக்குக் கேட்டது. வீட்டில்தான் இருந்தேன்.

மறுநாள் திங்கட்கிழமையே நடந்ததை முழுதாக எழுதி அலுவலகத்தில் கொடுத்தேன். மழை, மண்சரிவு, கிணறு, மூன்றில் ஒன்றைக் குறைத்தது எல்லாம் எழுதினேன். ஆனால் மீளாய்வு செய்வது ஆலோசகரின் மனைவி என்று உங்கள் நாட்டிலிருந்து வந்த கடிதம் எனக்கு முன்னமே அங்கே இருந்தது. மேலதிகாரிகள் இருவர் என்னைக் கூப்பிட்டார்கள். மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். தண்ணீர் வேண்டுமா என்று இரண்டு தரம் கேட்டார்கள்.

"கணவரின் பெயரை எப்போது கண்டீர்கள்?"

"நவம்பரில்."

"எங்களுக்கு எப்போது சொன்னீர்கள்?"

"இன்றைக்கு."

"நீங்கள் பிரிந்து வாழ்கிறீர்கள். உங்களுக்குள் ஏதாவது வழக்கு இருக்கிறதா? மனத்தாங்கல்?"

அப்படி ஒரு கேள்விக்கு இடம் கொடுத்தது நான்தான். நவம்பரிலேயே விலகி, வெளியிலிருந்து சாட்சி சொல்லியிருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். நீங்களாகச் சொல்லட்டும் என்று மூன்று மாதம் காத்திருந்தேன். அந்த மூன்று மாதம்தான் எனக்கு எதிரான சாட்சி. கணவன்மேல் கோபம் கொண்ட மனைவி ஒருத்தி எழுதிக் கொடுத்த தாள் என்று என் வாக்குமூலத்தைக் கோப்பில் போட்டு மூடினார்கள். கோப்பில் அவர்கள் எழுதிய மரியாதையான ஆங்கிலத்தில் அதற்கு வேறு சொற்கள் இருக்கின்றன.

மீளாய்வை இன்னொருவருக்குக் கொடுத்தார்கள். அவர் நல்ல மனிதர், கவனமானவர். உங்கள் விளக்கம் போதுமானது என்று எழுதினார். ஏழாம் திகதி அறிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேலையும் நீண்டிருக்கும். எனக்கு இனி நாடுகளின் கோப்பு வராது. பயிற்சிக் கையேடுகளில் எழுத்துப்பிழை திருத்துகிறேன். நேற்று நான் திருத்திய பாடம், களத்துக்குப் போகாமல் படிவம் நிரப்பக்கூடாது என்பது.

மீளாய்வுக்குக் கொடுக்கும் விளக்கங்கள் கடைசியில் எல்லோரும் வாசிக்கும்படி வெளியிடப்படும் என்பதை நீங்கள் யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். கழிந்த ஞாயிறு றூபினி அதைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு வந்தாள். அப்பாவின் பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறாள். பெருமையாகத் தேடியிருக்கிறாள்.

"அம்மா, அப்பா அந்தப் பதினொரு நாளும் மேல தனிய நிண்டவராம். நீங்க கீழ காய்ச்சலாம். அப்ப அந்தப் பெரிய மரத்துக்குக் கீழ உங்களைக் கேட்டது?"

"அது சும்மா சொன்ன கதை" என்றேன்.

"அப்ப எங்க வைச்சுக் கேட்டவர்?"

அறையில் என்று சொன்னால், அறையில் இருந்தவர் எப்படி முகட்டில் நின்று அளந்தார் என்று கேட்பாள். கெட்டிக்காரி, இரண்டு நிமிடத்தில் கேட்பாள். அதற்குப் பிறகு அவளுக்குத் தகப்பன் பொய்யன், இல்லாவிட்டால் தாய் பொய்க்காரி. இரண்டில் ஒன்றை எடு என்று அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேநீர் ஆறுகிறது, குடி என்றேன்.

உங்களோடு இருந்த பதினாறு வருடத்தில் பலதைச் சந்தேகித்திருக்கிறேன். வேலை, பயணம், பிந்தி வந்த மாலைகள். அந்தப் பதினொரு நாளை மட்டும் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. படிவம் பொய், தகடு பொய், மரத்தடி பொய், அந்த அறை மட்டும் உண்மை என்று வைத்திருந்தேன். பிரிந்த பிறகும் வைத்திருந்தேன். பெப்ரவரியில் கதவைத் திறந்து உங்களை உள்ளே விட்டதும் அதனால்தான்.

இப்போது உங்கள் கையெழுத்தோடு ஒரு தாள் இருக்கிறது. அதன்படி அந்த நாட்களில் நீங்கள் முகட்டில் கூடாரத்தில் இருந்தீர்கள். நான் தனியாகக் காய்ச்சலில் கிடந்தேன். ஆறாம் நாள் யாரும் என் கட்டிலில் வந்து இருக்கவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. நான் ஓம் என்று சொல்லவும் இல்லை.

அது ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. நானும் ஏற்றுக்கொள்கிறேன்.

மெற்றில்டா கிறிஸ்துநாயகம்